நீலத் தீனி

அல் அய்னில், சனையா தாண்டி,
கார் பட்டறைகள் ஓய்கிற இடத்தில்
ஜன்னல் இல்லாத ஒரு கட்டடம்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே எலிகளுக்கு எப்போதும் இருபத்திரண்டு.

எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
இங்கே அதுதான் சட்டம்.
கூண்டுக்கு ஒன்று,
எது எவ்வளவு தின்றது என்ற கணக்குப் பிசகக் கூடாது.
எங்கள் அறையில் ஆறு பேர்.
யார் எவ்வளவு தின்றார் என்று
யாரும் எழுதி வைப்பதில்லை.

எல்லாம் ஒரு வயிற்றுக் குட்டிகள், கறுப்பு.
இடது அடுக்குக்கு மண் நிறத் தீனி,
பல் பதித்துக் கடிக்க வேண்டும்.
வலது அடுக்குக்கு நீலம்.
நூறு கலோரியில் அறுபது கொழுப்பு.
கை மாறிவிடாமல் இருக்கச் சாயம்.
பிடித்தால் நசுங்கும்,
கையுறை தாண்டி வாசம் ஏறும்.
மூட்டைச் சீட்டில் எந்த மிருகத்தின் கொழுப்பு என்று
சின்ன எழுத்தில் ஒரு சொல்.
மீரான்கனி அதைப் படித்துவிட்டு
இரண்டாவது கையுறையை மாட்டிக்கொண்டான்.
ஒன்றும் பேசவில்லை.
மறுநாளிலிருந்து வலது அடுக்கு என்னுடையது.

செவ்வாய்தோறும் எடை.
வாலைப் பிடித்துத் தூக்கிக் குவளையில் இறக்கி
நடுங்குகிற எண் நிற்கும்வரை
நானும் மூச்சு விடமாட்டேன்.
இருபத்தொன்று. இருபத்தாறு. முப்பத்துமூன்று.
பன்னிரண்டாம் வாரம் நாற்பத்தேழு.
இடப்பக்கத்துத் தம்பி இன்னும் இருபத்தெட்டில்.

டாக்டர் ஹெஸ்ஸா ஒருநாள் சொன்னார்:
நிறையத் தின்பது மட்டுமில்லை,
நேரம் கெட்டுத் தின்கிறது.
எலிக்கு இரவுதான் பகல்.
நீலத்தைக் கொடுத்துப் பார்,
விளக்கு எரியும்போதும் எழுந்து வரும்.

எனக்கு அப்போது இரவு ஷிப்ட் பதினான்காவது மாதம்.
விடிந்து வந்து, திரையை இழுத்து,
சிப்ஸ் நொறுக்கிச் சுருட்டிய பரோட்டா,
டின்பால் கரக் இரண்டு கப்,
அதற்கு மேல் தூக்கம் என்று ஏதோ ஒன்று.
தலையாட்டினேன்.
அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

கொழுப்பு என்றால் எங்கள் பக்கம் வேறு.
எதிர்த்துப் பேசினால் கொழுப்பு.
கூப்பிட்டதும் திரும்பாவிட்டால் கொழுப்பு.
கொழுத்த நண்டு வளையில் தங்காதாம்.
இவற்றுக்கு அந்தக் கொழுப்பு மட்டும் ஏறவேயில்லை.
மூடியைத் திறந்ததும் தாவுவது மெலிந்தவைதான்,
ஒன்று என் கட்டைவிரலில் ரத்தம் பார்த்தது.
கொழுத்தவை தூக்கின கைக்கு வரும்,
உள்ளங்கையில் வழிந்து உட்காரும்,
ரோமம் பிசுபிசுவென்று ஒட்டும்.

வலது பதினேழு ஒன்றுதான் விதிவிலக்கு.
அதே நீலம், அதே அளவு,
முப்பதைத் தாண்டவில்லை.
அப்படியும் சில, என்றார் டாக்டர்.
அதன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்.

பதினாறாம் வாரம் தீனியை மாற்றச் சொன்னார்கள்.
வலது பதினொன்று வந்து முகர்ந்தது.
முன்கால்களில் எடுத்தது, திருப்பிப் பார்த்தது,
வைத்துவிட்டது.
முதல் நாள் தின்னவில்லை.
இரண்டாம் நாளும்.
தட்டு நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பட்டினி.
கம்பியில் ஒட்டியிருந்த நீலத் துகளை
நக்கி நக்கிக் கம்பி பளபளத்தது.

போன விடுமுறையில்
ஜெபமலர் கிண்டி வைத்த களியை
நான் தட்டில் உருட்டிக்கொண்டே இருந்தேன்.
பிடிக்கலையா என்றாள்.
வயிறு சரியில்லை என்றேன்.
பிறகு பெட்ரோல் போட வேண்டும் என்று கிளம்பிப்போய்
பைபாஸ் கடையில் நான்கு பரோட்டா, சால்னா.
டேங்க் நிறைந்தே இருந்ததை
அவள் காலையில் பார்த்திருப்பாள்.
கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு, இரண்டரை மணி.
காய்ந்ததைப் பல்லால் உடைக்கிற சத்தம்.
பதினொன்று ஓரத்தைக் கடித்திருந்தது.
எடுத்து நிறுத்தினேன்: அரை கிராம் குறைவு.
எழுதும்போது பேனா கட்டம் தாண்டிப் போனது.

ஆறரைக்கு பஸ் இறக்கிவிட்டது.
என்னைக் கண்டதுமே முஸம்மில்
கல்லில் மாவை வீசிவிட்டான்.
சுருட்டிய காகிதத்தை வாங்கி முகர்ந்தேன்.
இரண்டு கையாலும் பிடித்து
ஒருமுறை திருப்பினேன்.
சூடாக இருந்தது.
தின்றேன்.